எட்டுப் படையலும் எருப்பெட்டியும்

1

யாழ்ப்பாணத்தில் ஒரு சஞ்சிகைக்கு வீட்டுத்தோட்டப் பக்கம் எழுதும் என் பள்ளித்தோழி போன கிழமை தொலைபேசி எடுத்தாள். பனி கொட்டும் நாட்டில் இருந்துகொண்டு சமையலறைக் கழிவை எப்படி எருவாக்குகிறீர்கள், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு விளங்கும்படி ஒரு பக்கம் எழுதித் தா என்றாள். படம் இருந்தால் நல்லதாம்.

செய்முறைக்கு ஒரு பக்கம் அதிகம். இரட்டைச் சுவர் வைத்த ஒரு பெட்டி வேண்டும். அடியில் சுள்ளிகளைப் பரப்ப வேண்டும். அதன்மேல் சமையலறைக் கழிவு, அதில் பாதியளவுக்கு மரச்சீவல். போடும் ஒவ்வொரு முறையும் கிளறிவிட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் வரலாம், ஓடக்கூடாது. நாறினால் காற்றுப் போதாது, சூடு பிடிக்காவிட்டால் சாப்பாடு போதாது. அவ்வளவுதான். இதைச் சொல்லித்தரத்தான் இந்த நாட்டில் கொம்யூன என்கிற உள்ளூராட்சிச் சபை மாலை வகுப்பு நடத்தி, கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்குகிறது. குப்பைக்கு ஒப்பந்தமா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தவள்தான்.

ஒவ்வொரு மார்கழியும் எங்கள் பெட்டி குளிர்ந்துபோகும். கொதிநீரைப் போத்தலில் அடைத்து நடுவில் புதைத்து, பழைய போர்வையால் மூடி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாலும் சில வருடம் பங்குனி வரைக்கும் அதற்கு உயிர் வராது. எங்கள் தெருவில் பெட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இதே கதைதான்.

ஆனால் முதல் மாரியில், அந்தக் குளிர்காலம் முழுக்க, எங்கள் பெட்டி ஒருநாள்கூடக் குளிரவில்லை. யாரும் அதற்குக் கொதிநீர் வைக்கவுமில்லை. தோழியின் பக்கத்துக்கு அந்தக் கதை உதவாது. வருகிற தையோடு அக்கா போய் இன்னொரு வருடம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் அதுதான் வருகிறது, என்ன செய்ய.

2

பெட்டி அக்காவின் ஆசை. எனக்கும் அக்காவுக்கும் பத்து வயது வித்தியாசம். எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடக்கு முனையில், பாட்ஸ்பியோர்டில், மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். சூரியனே எட்டிப் பார்க்காத மாதங்களில் நின்ற நிலையில் மீன் வெட்டினவர். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, என்னையும் இவரையும் கூப்பிட்டு எடுத்தார். அக்கா கல்யாணம் கட்டவில்லை. இவர் என்று நான் எழுதினால் அது என் வீட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறவர். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் நாங்கள் வீடு வாங்கியபோது கீழ்த்தட்டு அறையை அக்காவுக்கு ஒதுக்கினோம். ஒதுக்கினோம் என்று பெரிய எடுப்பில் எழுதுகிறேன், உண்மையில் அக்காவின் உழைப்பில்தான் நாங்கள் காலூன்றினோம்.

மகள் அபி பிறந்ததிலிருந்து அக்காவின் கையில் வளர்ந்தவள். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை வேலை, மாலை வேலை என்று மாறி மாறி ஓடின காலம் அது. பிள்ளைக்குச் சோறு குழைத்துத் தீத்தியதெல்லாம் பெரியம்மாதான்.

அக்கா சாப்பாட்டில் பொல்லாதவர். வடக்கில் இருந்த வருடங்களில் அவித்த உருளைக்கிழங்கைத் தின்று தின்று அலுத்தவர், ஒஸ்லோவுக்கு வந்தபின் கிழங்கைத் தொட்டதில்லை. நான் மறந்துபோய்க் கறியில் போட்டுவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கி வைப்பார். வாய் திறந்து ஏசியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

ஊரில் எங்களுக்குக் குப்பை என்று ஒன்று மிஞ்சியதில்லை. கஞ்சி மாட்டுக்கு, தோல் ஆட்டுக்கு, முள் பூனைக்கு, மிச்சம் காகத்துக்கு. பூவரசங்குழையைத் தோட்டத்து மண்ணில் தாழ்ப்பார்கள், அதுதான் எரு. ஆகவே எருப்பெட்டி விஷயத்தில் வீட்டில் எல்லோரும் அரிவரி வகுப்புப் பிள்ளைகள். மாரி தொடங்கும் நேரம் அக்கா வகுப்புக்குப் போய்ப் பெட்டியோடு வந்தார். வெறும் பெட்டியை மாரியில் தொடங்கினால் சூடு பிடிக்காது, பனி உருகட்டும் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். குசினிக் கதவுக்கு நேரே அதை வைத்து, அடியில் சுள்ளி பரப்பி, பக்கத்தில் ஒரு மூட்டை மரச்சீவலும் கிளறுகோலும் வைத்துவிட்டு, வசந்தத்துக்குக் காத்திருந்தார்.

தை மாதத்தில் ஒரு பின்னேரம், வேலை முடிந்து வருகிற வழியில், அக்கா பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்தபடி இருந்தாராம். பஸ் வந்து நின்று கதவைத் திறந்தும் ஏறவில்லை.

ஊருக்குத் தொலைபேசி எடுத்து, அக்கா மோசம் போயிட்டா என்று, செத்ததை ஊரில் சொல்கிற விதத்தில், இவர்தான் சொன்னார். எனக்கு அந்தச் சொல் வரவில்லை. தகனம் நடந்தது, நான் அழவும் அழுதேன், ஆனால் சொல் வரவில்லை. யாராவது கேட்டால் அக்கா இல்லை என்பேன். கடைக்குப் போனவரையும் இல்லை என்றுதானே சொல்கிறோம்.

3

எட்டுச் செலவு என்றால் என்னவென்று இளம் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எட்டாம் நாள் போனவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து, அதில் ஒரு பங்கை இலையில் கட்டிச் சந்தியில் கொண்டுபோய் வைப்பது. கழிப்பு என்போம். வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிற உயிர் சாப்பாட்டின் பின்னால் சந்திவரை போகும், பசியாறும், பிறகு வீட்டுக்கு வழி தெரியாமல் தன் பாட்டில் போய்விடும் என்பது ஊரின் கணக்கு.

நான் சின்னவளாக இருந்தபோது சித்தப்பாவின் கழிப்பைக் கொண்டுபோன நேரம் பிள்ளைகளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் சந்தியில் இலை கிழிந்து கிடந்தது. நாயோ காகமோ இழுத்திருக்கும். அக்கா என் கண்ணைப் பொத்தி அந்த இடத்தைத் தாண்டும்வரை நடத்திக்கொண்டு போனார். கை விரல்களுக்கு நடுவால் நான் பார்த்தேன். சோறு இருந்த இடம் நக்கினதுபோல வெறுமையாக இருந்தது.

அக்காவின் எட்டுக்குப் பிட்டு அவித்தேன். கணவாய்க் கறி, சூடைமீன் பொரியல், முருங்கையிலை வறை, ஒடியல் கூழ் எல்லாம் வைத்தேன். தமிழ்க்கடையில் வாழையிலை கிடைத்தது. சொந்தக்காரர் ஒருவர் உருளைக்கிழங்குப் பிரட்டல் கொண்டுவந்திருந்தார். மரியாதைக்கு அதிலும் ஒரு கரண்டியை இலையில் வைத்தோம். இவர் பொதியைக் கட்டி எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

எங்கள் தெருவும் பெரிய தெருவும் சேருகிற இடம் சந்திதான். ஆனால் அதில் பனி வழிக்கும் வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றதாம். நாயோடு வந்த ஒரு நோர்வேக்காரர், எதையாவது தொலைத்துவிட்டீர்களா, உதவி வேண்டுமா என்று கேட்டாராம். நாய் பொதியை மோந்துகொண்டு நகரமாட்டேன் என்று நின்றதாம். வாழ்நாளெல்லாம் தெரு ஒழுங்கோடு வாழ்கிற பஸ்காரருக்குத் தெருநடுவில் ஒரு பொதியை வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டார். கழிப்போடு வீட்டுக்குத் திரும்பி வந்த ஆள் எங்கள் பரம்பரையிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"றோட்டிலை வைச்சால் நரி இழுக்கும், சனம் கொம்யூனக்கு அறிவிக்கும்," என்றார் கையைக் கழுவிக்கொண்டு. "அக்காவின்ரை பெட்டி சும்மாதானே நிக்குது. அதுக்குள்ளை வைச்சிட்டன்."

என்னோடு வேலை செய்கிற ரேவதி அப்போது குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். மட்டக்களப்புக்காரி, சடங்கு விஷயத்தில் கண் பிசகாதவள். தண்ணீரை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கழிப்ப வளவுக்குள்ள வெச்சா அவ எங்ககா போவா?"

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குள் ஒரு நிம்மதி வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

4

அன்று இரவு முழுதும் பனி கொட்டியது. காலையில் குசினிச் சன்னலால் பார்த்தேன். வேலி, மேசை, மரச்சீவல் மூட்டை எல்லாம் வெள்ளைக்குள் புதைந்து கிடக்க, பெட்டியின் மூடி மட்டும் ஈரமாக மின்னியது. அதைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பனி உருகிக் கறுப்பு மண் தெரிந்தது. காற்றுத் துவாரத்தால் ஆவி வந்துகொண்டிருந்தது. வரும், நிற்கும், பிறகு வரும்.

வீட்டுச் செருப்போடு ஓடினேன். மூடியைத் தூக்கியதும் முகத்தில் ஒரு நீண்ட மூச்சு. அழுகல் மணம் இல்லை. நல்லெண்ணெயில் வெந்தயம் காய்ச்சின மணம். அக்கா சனிக்கிழமைகளில் தலைக்கு வைக்கிற எண்ணெய் அது. உள்ளே பிட்டு இல்லை, மீன் இல்லை, இலைகூட இல்லை. சுள்ளிகளின்மேல் உருளைக்கிழங்குத் துண்டுகள் மட்டும் கிடந்தன. மசாலா எல்லாம் போய், அவித்து உரித்த நிறத்தில், ஒரு பக்கச் சுவரோடு வரிசையாக.

நரியாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். மூடிக்குக் கொளுக்கி இருந்தது, நான்தான் அதைக் கழற்றித் திறந்தேன். எலி என்றால் அடியில் கம்பிவலை. நோர்வேக்காரன் குப்பைப் பெட்டியைக்கூடச் சிறைச்சாலைபோலத்தான் கட்டுவான். வேறு யோசனை வரவில்லை. குனிந்து கையை உள்ளே விட்டேன். சின்ன வயதில் நானும் அக்காவும் ஒரே பாயில் படுப்போம், மாரி நாட்களில் நான் அக்காவின் முதுகோடு ஒட்டிக்கொள்வேன். அதே சூடு. வெளியே கண்ணிமையில் பனி உறைகிற குளிர்.

எனக்குப் பயம் வரவில்லை. சந்தோசம் வந்தது. இன்று நினைத்தால் அந்தச் சந்தோசத்துக்குத்தான் பயமாக இருக்கிறது.

விளையாட்டுப்போலத்தான் தொடங்கினேன். மத்தியானச் சமையலின் மிச்சத்தைக் கொண்டுபோய்ப் போட்டு மரச்சீவல் தூவி விடுவேன். அடுத்த நாள் பார்த்தால் பிட்டு போயிருக்கும், கரட் கிடக்கும். அக்காவுக்குக் கரட் ஆகாது. மீன்தலை போயிருக்கும், இந்த நாட்டு மண்ணிறப் பாற்கட்டி அப்படியே கிடக்கும். அதை அக்கா சவுக்காரம் என்றுதான் சொல்வார். ஒருநாள் உருளைக்கிழங்கை மசித்துப் பிட்டுக்குள் ஒளித்து வைத்துப் பார்த்தேன். அடுத்த நாள் பிட்டு இல்லை. மசித்த கிழங்கு உருண்டை உருண்டையாக ஓரத்தில் இருந்தது. கள்ளி, பிடிச்சிட்டீங்கள் என்று பெட்டிக்குள் குனிந்து சொல்லிச் சிரித்தேன்.

5

மாசியில் கொம்யூனவில் இருந்து ஒருவர் வந்தார். செம்பட்டைத் தாடி, கையில் ஊன்றுகோல் நீளத்துக்கு ஒரு வெப்பமானி. ஒப்பந்தம் செய்தவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. எங்கள் ஒப்பந்தம் அக்காவின் பெயரில் இருந்தது. குடிசனப் பதிவு, வங்கி, வரிக்கந்தோர் எல்லாவற்றுக்கும் இவர் எழுதி அறிவித்திருந்தார். குப்பைப் பிரிவு யாருடைய ஞாபகத்திலும் வரவில்லை.

ராசமலர் இருக்கிறாரா என்று அவர் கேட்டார். இந்த நாட்டு மொழியில் நான் பரீட்சை எழுதித் தேறியவள், எதையும் சொல்லத் தெரியும். வெளியே போயிருக்கிறார் என்றேன். பொய் சொன்னதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வெப்பமானியைக் குத்திப் பார்த்தார். இழுத்தெடுத்துத் துடைத்து மறுபடியும் குத்தினார். மாரி நடுவில், அதுவும் புதிதாகத் தொடங்கினவரின் பெட்டியில், இப்படி ஒரு சூட்டைத் தான் கண்டதில்லை என்றார். ராசமலருக்கு நல்ல கைராசி என்ற மாதிரி ஏதோ சொன்னார். உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டிப் போடச் சொல்லுங்கள், பெரிய துண்டு லேசில் உக்காது என்றும் சொன்னார். பெட்டிக்குள் அப்போது ஏதோ இறங்கி அமருகிற சத்தம் கேட்டது. உயிருள்ள சாமான்தானே, அது அப்படித்தான், என்று சிரித்தபடி மூடியைச் சாத்தினார்.

வாசற் படலையடியில் நின்று கையுறையைப் போட்டவர், என் தோளுக்கு மேலால் வீட்டின் கீழ்த்தட்டைப் பார்த்துக் கையை அசைத்தார். "அவர் வந்துவிட்டார்போல இருக்கிறதே," என்றார். "பரவாயில்லை, குளிரில் வெளியே வரவேண்டாம். என் வாழ்த்தைச் சொல்லுங்கள்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய கார் போகும்வரை பனியில் நின்றேன். இவர் வேலையில் இருந்தார், வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. பிறகு கீழறைக்குப் போனேன். நான் மூடிய திரை மூடியபடி கிடந்தது. கட்டிலில் சுருக்கம் இல்லை. சன்னல் கண்ணாடியின் உட்பக்கம் மட்டும், முகம் ஒன்று கிட்ட நின்றால் படுகிற அளவுக்கு, ஆவி படிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்க அது மெல்ல மெல்லச் சுருங்கி மறைந்தது.

இந்த நாட்டில் ஒருவர் வாழ்த்துச் சொல்லிவிட்டால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் பெட்டியடிக்குப் போய், கொம்யூனக்காரர் உங்களுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னவர் அக்கா என்றேன்.

6

அதற்குப் பிறகு மிச்சத்தைப் போடுவதை விட்டுவிட்டேன். அடுப்பிலிருந்து இறக்கினதும் முதல் அகப்பை அக்காவுக்கு. தட்டில் போட்டு, கறி விட்டு, பொரியல் வைத்து, சூடு ஆறமுதல் கொண்டுபோவேன். அக்காவுக்குப் பிடித்ததை மட்டும் சமைத்தேன். இவருக்கு நீரிழிவு, தினமும் பிட்டும் கூழும் ஆகாது. அவர் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். எனக்கும் பசி இல்லை. பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் வயிறு நிறைந்ததுபோல இருக்கும். சட்டைகள் தோளிலிருந்து நழுவத் தொடங்கின. வைத்தியர் துக்கம் என்று எழுதி வேலையிலிருந்து விடுப்புக் கொடுத்தார். விடுப்பு வசதியாகப் போயிற்று, இரண்டு வேளையும் படைக்கலாம்.

ரேவதி ஒருமுறை வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் வாசலில் நின்றே கதைத்துவிட்டுப் போனாள். கூடப்பிறந்தவள் என்றாலும் போனவருக்கு ஊட்டக்கூடாது, ஊட்டுகிற கையைத்தான் அது கடைசியில் பிடிக்கும் என்றாள். அவளோடு நான் பிறகு கதைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் கடைக்குப் போன நேரம் பார்த்து இவர் வாளி வாளியாகப் பனியை அள்ளிப் பெட்டிக்குள் கொட்டி நிரப்பிவிட்டார். நான் வந்து பார்த்தபோது பெட்டியின் மூச்சு நின்றிருந்தது. அன்று நான் இவரை ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது. விடிந்து பார்த்தால் பனி ஒரு துளி இல்லை, பெட்டி முன்னைவிடக் கொதித்துக்கொண்டிருந்தது. இவர் காய்ச்சலில் கிடந்தார். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் குளிருது குளிருது என்று பல் கிட்டியது.

"இஞ்சரும், அவவைப் போக விடும்," என்றார் அந்தக் காய்ச்சலுக்குள். "பிழையான இடத்திலை வைச்சது நான்தான். ஆனால் பிடிச்சு வைச்சிருக்கிறது நீர்."

அக்கா எங்கும் போகவில்லை என்று சொல்லிவிட்டுக் கூழ் காய்ச்சப் போனேன். கூழ் இவருக்கு இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அந்தக் காய்ச்சல் நாட்களில் ஒருநாள் காலை, புதுப்பனி முட்டளவுக்குக் கிடந்தது. குசினிக் கதவிலிருந்து பெட்டிவரைக்கும் ஒரு காலடி இல்லை, ஒரு பறவையின் கால்கூட இல்லை. நானே முதல் காலடி வைத்துப் போய்த் திறந்தேன். உள்ளே எல்லாம் கிளறிவிடப்பட்டிருந்தது. ஓரத்தில் இருந்தது நடுவுக்கு, நடுவில் இருந்தது ஓரத்துக்கு, மேலே மரச்சீவல் பிட்டுமாவை அரிதட்டில் தெள்ளின மாதிரி மெல்லிசாக. வகுப்பில் படித்தவரின் கை அது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பெட்டியோடு சாய்ந்து நின்ற கிளறுகோலில் பனி படியவில்லை. பிடி இளஞ்சூடாக இருந்தது. இவர் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் கிடந்தார்.

அபி அப்போது பேர்கனில் படித்துக்கொண்டிருந்தாள். ஒஸ்லோவில் இல்லாத படிப்பா, ஏன் அவ்வளவு தூரம் என்று நாங்கள் கேட்டதற்கு, தூரம் என்றபடியால்தான் என்று நோர்வே மொழியில் சொன்ன பிள்ளை. முந்தி அவள் தொலைபேசி எடுத்தால் என்னோடு இரண்டு சொல், பிறகு பெரியம்மாவிடம் கொடுங்கோ என்பாள். கீழறையில் ஒரு மணித்தியாலம் சிரிப்புக் கேட்கும். இப்போது என்னோடுதான் கதைக்க வேண்டும். அம்மா, எனக்கு நித்திரை வருகுதில்லை என்று தொடங்குவாள். நான் அடுப்பில் பிட்டு இருக்குது பிள்ளை, ஆறிப்போகும் என்று வைத்துவிடுவேன். தொலைபேசி வருவது குறைந்தது. பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று இங்கே எல்லாத் தாய்மாரும் முறைப்படுவதுண்டு. நானும் கோயிலில் நின்று அதையே முறைப்பட்டேன்.

7

ஈஸ்டர் விடுமுறைக்கு அபி வந்தாள். பின்னேரம் வருவதாகச் சொன்னவள் மத்தியானமே வந்துவிட்டாள். பனி உருகிக் கூரையால் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் தட்டோடு குசினிக் கதவைத் திறந்து படியில் இறங்கவும், வீட்டைச் சுற்றி அவள் வரவும் சரியாக இருந்தது. தோளில் பை. கண்ணுக்குக் கீழே கறுத்து, மெலிந்து, ஒரு கணம் எனக்கு யாரென்று பிடிபடவில்லை.

கட்டிப்பிடிக்க வந்தாள். கையில் தட்டு இருந்தது. ஒரு நிமிசம் நில்லு, இது ஆறமுதல் போட்டிட்டு வாறன் என்றேன்.

பிள்ளை பெட்டியைப் பார்த்தாள். நான் முன்கூட்டியே மூடியைத் திறந்து வைத்திருந்தேன். தகப்பன் அவளுக்கு எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு என்ன சமைச்சனீங்கள் அம்மா?"

அவளுக்கென்று ஒன்றும் சமைக்கவில்லை. பிட்டு இருக்குது, கணவாய் இருக்குது என்றேன்.

"அது பெரியம்மாவுக்குப் பிடிச்சது. எனக்கு என்ன பிடிக்கும்?"

அது சண்டைக்குக் கேட்ட குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். நான் யோசித்தேன். நூடில்ஸ் என்று நினைத்தேன், அது பள்ளிக்கூடக் காலத்தில். இடியப்பமா, சொதியா. அக்காவிடம் கேட்டால் உடனே சொல்லுவார் என்று மனம் பழக்கத்தில் கீழறைக்கு ஓடியது. பெற்ற பிள்ளையின் வாய் ருசி தெரியாமல் கையில் தட்டோடு நின்றேன்.

அபி கிட்ட வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கினாள். பெட்டியில் போடத்தான் போகிறாள் என்று விட்டுக்கொடுத்தேன். அவள் படியில் கிடந்த பனியைச் சப்பாத்தால் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். பிட்டைக் கறியோடு குழைத்து, உருட்டி, வாயில் வைத்தாள்.

போனவருக்கென்று எடுத்து வைத்ததை இருக்கிறவர் வாயில் வைக்கக்கூடாது. வைத்தால் அவரும் அந்தப் பந்தியில் சேர்ந்தவர் ஆகிவிடுவார் என்று எங்கள் அம்மா சொல்லுவார். காற்று அசையவில்லை, ஆனால் பெட்டியிலிருந்து எழும்பிய ஆவி மேலே போகாமல் சரிந்து படிப்பக்கம் வந்தது. பிள்ளையின் தலைமயிரைத் தொட்டது. வெந்தய எண்ணெய் மணத்தது. அந்த மூன்று மாதத்திலும் வராத பயம் அப்போதுதான் வந்தது. அவள் முன்னால் குந்தி, அவளுடைய கையைப் பிடித்தேன்.

"தின்னாதை. துப்பு பிள்ளை, துப்பு. அது செத்த ஆளுக்கு வைச்சது."

அபி துப்பவில்லை. வாயில் பிட்டோடு என்னைப் பார்த்தாள்.

"ஆர் செத்தது அம்மா?"

தகனத்தன்று என் பக்கத்தில் நின்றவள் அவள். தெரியாமல் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் பெட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் சொல்லப்போவது அதற்கும் கேட்கும் என்று நினைத்தேன்.

"பெரியம்மா," என்றேன். "பெரியம்மா செத்துப்போனா. என்ரை அக்கா செத்துப்போனா."

பெட்டிக்குள் ஏதோ ஒருமுறை இறங்கி அமர்ந்தது. பிறகு அந்த மூச்சுச் சத்தம் இல்லை, கூரைத்தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்தான். அபி வாயில் இருந்ததை விழுங்கினாள். விழுங்கின பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, சின்னப்பிள்ளை மாதிரி, வாயைத் திறந்துகொண்டு.

"எனக்குச் சோறு தீத்தின மனுசி அம்மா அவ. நீங்கள் அவ இருக்கிறா எண்டு நிண்டால், நான் ஆரோடை இருந்து அழுறது?"

நான் அவளுக்குப் பக்கத்தில் ஈரப்படியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் வந்து பார்த்துவிட்டு மெதுவாகப் போய்விட்டார். அழுது ஓய்ந்தபோது அபி தட்டை என் பக்கம் நகர்த்தி, பசிக்குது, நீங்களும் சாப்பிடுங்கோ என்றாள். பிட்டு ஆறி விறைத்திருந்தது. இரண்டு பேருமாக அதைச் சாப்பிட்டு முடித்தோம்.